ஓதம் ஏறாத படம்

“கடைசியா உன் பேரைத்தான் சொன்னாரு டோரீன்,” என்று ஆட்ரி வந்து தோளைத் தொட்டபோது டோரீன் பழக்கேக்கை வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தி பாதியில் நின்றது.

“என் பேரையா?”

“ஆமாம்மா. தெளிவா சொன்னாரு. ‘டோரீன்’னு.”

டோரீன் தலையை ஆட்டினாள். மிச்சக் கேக்கையும் வெட்டித் தட்டில் அடுக்கி, அதை ஆட்ரி கையிலேயே கொடுத்துக் கூடத்துக்கு அனுப்பிவைத்தாள். லெஸ்லி அவளைப் பெயர் சொல்லி அழைத்தது தேவாலயத்தில் மோதிரம் மாற்றிக்கொண்டபோது ஒரு தடவை. அப்புறம் வங்கியில், மேனேஜர் முன்னால். மற்றபடி கல்யாணமான மறுநாளிலிருந்து அவள் ‘கிழவி’தான். இருபத்து மூன்று வயதில் கிழவி ஆனவள். சாகப் போகிற நேரத்தில் மனுஷர் திடீரென்று இவ்வளவு மரியாதை கற்றுக்கொண்டார் என்றால் அவளால் நம்ப முடியவில்லை.

தகனம் முடிந்து எல்லோரும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். கூடம் முழுக்கக் கறுப்புக் கோட்டு. மகன் ஸ்டூவர்ட் ஷெர்ரி ஒயின் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தான். ஹாம் சாண்ட்விச் தீர்ந்துவிட்டது, முட்டை சாண்ட்விச்சை யாரும் தொடவில்லை. வந்தவர்கள் எல்லோரும் ஒரே வசனத்தைச் சொன்னார்கள்: பிடித்த வேலையைச் செய்துகொண்டே, நண்பர்கள் பக்கத்தில் இருக்க, நொடியில் போய்விட்டார், இப்படி ஒரு சாவுக்குக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். டோரீனும் முதல் இரண்டு நாள் அதைத்தான் பிடித்துக்கொண்டு தூங்கினாள்.

அந்த நண்பர்கள் மூன்று பேர். ஆட்ரி, பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். மால்கம், பல் டாக்டர், அவரும் ஓய்வு. ஹேசல், நூலகத்தில் வேலை, நாலு பேரில் சின்னவள், வாய் திறந்தால் காசு கொட்டிவிடுமோ என்று பயப்படுகிறவள். லெஸ்லியோடு சேர்த்து நாலு பேரும் வசந்தம் பிறந்தால் போதும், செவ்வாய்க்கிழமைதோறும் மடக்கு நாற்காலியும் நீர்வண்ணப் பெட்டியுமாகக் கிளம்பிவிடுவார்கள். கலங்கரை விளக்கம், இடிந்த கோட்டை, பழைய படகுத்துறை என்று தண்ணீர் எங்கே உண்டோ அங்கே போய் உட்கார்ந்து வரைவார்கள். அன்றைக்கு அவர்கள் வெகுதூரம் போகவில்லை. டோரீன் வீட்டுத் தெருக்கோடியில் இருக்கிற கழிமுகத்துத் துறைக்குத்தான் போனார்கள். கடல் ஓதம் ஏறி வரும்போது தண்ணீரைத் தேக்கி, வற்றும்போது சக்கரம் சுற்றி மாவரைத்த அந்த வெள்ளை மரக்கட்டட மில்லை லெஸ்லி எத்தனை தடவை வரைந்தார் என்பதற்குக் கணக்கே கிடையாது.

மதியச் சாப்பாட்டுக்காகச் சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது லெஸ்லி நெஞ்சில் கை வைத்தார், சாய்ந்தார், போய்விட்டார். மூன்று பேரும் சுற்றி நின்றார்கள், ஆட்ரி கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். டோரீனுக்குச் சொல்லப்பட்டது இதுதான். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டு அவள் துறைக்கு ஓடியபோது எல்லாம் முடிந்திருந்தது.

பை திரும்பி வந்த அன்றுதான் அவளுக்குத் தூக்கம் கெட்டது. மால்கம் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, உள்ளே வராமலே போனார். பையைத் திறந்தால், லெஸ்லியின் நல்ல தூரிகை, கீரி மயிரில் செய்தது, பழுப்பு வண்ணம் காய்ந்து குச்சி மாதிரி விறைத்துக் கிடந்தது. அந்தத் தூரிகையைச் சாமான்களை எடுத்து வைக்கும் முன்னால் கழுவி, உதட்டில் வைத்துக் கூராக்கி, துணியில் சுற்றித்தான் வைப்பார். பெண்டாட்டி காய்ச்சலில் கிடந்தாலும் முதலில் தூரிகை. ஆம்புலன்ஸ் அவசரத்தில் இவர்கள் அப்படியே போட்டுவிட்டார்களோ என்று அவள் மனதைச் சமாதானப்படுத்தப் பார்த்தாள்.

படத்தைப் பலகையோடு அடுப்படி ஜன்னலில் சாய்த்து வைத்தாள். அப்புறம் சமாதானம் பலிக்கவில்லை.

படத்தில் மில்லின் அடிச்சுவர் வரைக்கும் சேறு. பளபளவென்று ஈரச்சேறு, நடுவே வாய்க்கால் அளவுக்குத் தண்ணீர், இரண்டு படகுகள் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தன. ஆனால் அவள் மதியம் ஓடிப்போய் நின்றபோது தண்ணீர் துறைச்சுவரில் மோதிக்கொண்டிருந்தது. படகுகள் நிமிர்ந்து ஆடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தம் இன்னும் அவள் காதில் இருக்கிறது.

படம் வரைபவர் காலையில் பார்த்ததை வரைந்திருப்பார், அதில் என்ன என்று ஸ்டூவர்ட் கேட்டான். அவனுக்கு லண்டனில் வேலை, அப்பாவின் படங்களைப் பிறந்தநாள் பரிசாக வாங்கி அலமாரியில் வைத்தவன். லெஸ்லி வரைகிற முறை அவனுக்குத் தெரியாது. ஓதம் ஏறுகிற நாளில் அவர் முதலில் சேற்றைத்தான் தீட்டுவார். அது காய்ந்ததும் மில், வானம். ஏறி வருகிற தண்ணீரை, அது எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவையும் அந்தச் சேற்றின் மேலேயே மெல்லிசாக ஓட்டுவார். தண்ணீருக்கு அடியில் சேறு இருக்கணுமில்ல, இல்லாட்டி அது குழாய்த் தண்ணி என்பார். வீட்டில் மாட்டியிருக்கிற அத்தனை மில்லிலும் தண்ணீருக்குள் பழுப்பாக ஒரு தரை தெரியும்.

இந்தப் படத்தில் சேற்றின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை. வானம் வெறும் காகிதம்.

அப்படியென்றால் சேறு வெளியே கிடந்தபோதே அவர் கை நின்றுவிட்டது. சாமான் கட்டுகிற நேரம் வரைக்கும் மற்ற மூன்று பேரும் எங்கே இருந்தார்கள்? பரிசோதனை செய்த டாக்டரிடம் அவள் உயிர் எப்போது போனது என்று கேட்டாள். முற்பகல் என்றார். எவ்வளவு முற்பகல் என்று கேட்டதற்கு அவர் கண்ணாடியைத் துடைத்தார்.

பப்புக்குப் போயிருப்பார்கள். அவளுக்கு அது நிச்சயமாகத் தோன்றியது. மால்கமுக்குக் காலையிலேயே தாகம் எடுக்கும். நீ வரைந்துகொண்டிரு என்று அவரைத் தனியாக விட்டுவிட்டு மூன்று பேரும் போய் உட்கார்ந்திருப்பார்கள். இவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டிருப்பார். கடற்பறவைகள்தான் கேட்டிருக்கும். நினைப்பு இந்த இடத்துக்கு வந்ததும் எழுந்துபோய் அடுப்படியில் நிற்பாள். அவர் கூப்பிட்டாரா என்பது மட்டும் தெரிந்தால் போதும் என்று இருந்தது.

கூடத்துக்கு வந்து அவள் ஷெர்ரிப் புட்டியை எடுத்துக்கொண்டு மால்கமிடம் போனாள்.

“மால்கம், கடைசியில என்னதான் பேசிட்டிருந்தாரு?”

மால்கம் கோப்பையை நீட்டினார். “சிரிச்சிட்டேதான் போனாரு டோரீன். ஏதோ ஜோக் சொல்லிட்டிருந்தாரு.”

“என்ன ஜோக்?”

“அது வந்து… ஒரு பாதிரியாரு, ஒரு வாத்து…”

“லெஸ்லியா? அவருக்கு ஜோக் சொல்லவே வராதே. முடிவை முதல்ல சொல்லிட்டு, அப்புறம் எதுக்குச் சிரிக்கலன்னு கேப்பாரு.”

மால்கம் ஷெர்ரியைக் குடித்தார். வாய்க்குள் பஞ்சு வைத்த நோயாளி மாதிரி ஏதோ முனகினார்.

“ஆட்ரி என் பேரைச் சொன்னாருங்கறாங்க. நீங்க ஜோக்குங்கறீங்க.”

“ரெண்டும்தான். முதல்ல ஜோக்கு, அப்புறம் பேரு.”

“ஓ. வரிசையா.”

ஹேசல் வாசல் பக்கத்து நாற்காலியில் நுனியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அவளுடைய பெரிய தோல்பை. சாவு வீட்டுக்கு யாராவது படம் வைக்கிற பையைத் தூக்கிக்கொண்டு வருவார்களா? கண் சிவந்திருந்தது. டோரீன் பார்த்ததும் பையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். மூன்று பேரும் மாறி மாறி ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதை டோரீன் காலையிலிருந்து கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். தேவாலயத்திலும் மூன்று பேரும் பின்வரிசையில், ஓரத்தில். லெஸ்லியின் சவப்பெட்டியைத் தூக்க வாருங்கள் என்று ஸ்டூவர்ட் கூப்பிட்டபோது மால்கமுக்கு இடுப்பு வலி வந்துவிட்டது.

“மூணு பேரும் கொஞ்சம் அடுப்படிக்கு வாங்க,” என்றாள்.

“அம்மா, இன்னிக்கு வேணாமே,” என்றான் ஸ்டூவர்ட் மெல்ல. அவன் இரண்டு நாளாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

“நீ போய் முட்டை சாண்ட்விச்சைத் தள்ளிவிடுடா.”

அடுப்படிக் கதவைச் சாத்தினாள். ஜன்னலிலிருந்து பலகையை எடுத்து மேசைமேல், கேக் துணுக்குகளுக்கு நடுவே வைத்தாள்.

“இது எந்த நேரத்துச் சேறு?”

ஆட்ரி மால்கமைப் பார்த்தாள், மால்கம் கேக்கைப் பார்த்தார்.

“நான் வந்தப்ப தண்ணி முட்டிட்டு நின்னுச்சு. இவரு ஒரு சொட்டுத் தண்ணி போடல. இந்த ஆளு தண்ணி ஏறுறதைப் பாத்துட்டு சும்மா உக்காந்திருப்பாருன்னு என்னை நம்பச் சொல்றீங்களா? எங்க போனீங்க நீங்க? பப்புக்கா?”

“இல்ல!” என்றார் மால்கம். “சத்தியமா இல்ல டோரீன். நாங்க எங்கயும் போகல. அங்கயேதான் இருந்தோம்.”

“அங்கயேன்னா?”

“பக்கத்துல.”

ஆட்ரி ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். ஊரில் பாதிப்பேரை முழங்காலில் நிற்கவைத்தவள், இப்போது டோரீன் முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துப் பேசினாள். “மணி உனக்குத் தெரியும்ல?”

டோரீனுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்து வெண்கல மணி. ஆட்ரி ஓய்வு பெற்றபோது கையோடு எடுத்து வந்தது. வரைய உட்கார்ந்தால் அவள் அதை அடிக்கிறவரை யாரும் பேசக் கூடாது, யாரும் எழுந்துபோய் அடுத்தவர் படத்தைப் பார்க்கக் கூடாது. அந்தச் சட்டத்தைப் போட்டதே லெஸ்லிதான். மால்கம் பின்னால் வந்து நின்று மூச்சு விடுகிறார், சொல்லிச் சொல்லிப் பார்த்தும் கேட்கவில்லை என்பதற்காக. என் முதுகுக்குப் பின்னால் எவனாவது வந்தால் தூரிகையை அவன் மூஞ்சியில் துடைப்பேன் என்று வீட்டில் வந்தும் சொல்லிக்கொண்டிருந்தார்.

“மணி அடிச்சேன்,” என்றாள் ஆட்ரி. “எல்லாரும் படத்தைக் கொண்டுபோய் சுவத்துல சாய்ச்சு வெச்சோம், எப்பவும் போல. இவரு எழுந்திரிக்கல. தொப்பி முகத்தை மறைச்சிருந்துது. வண்ணப் பெட்டியைத்தான் பாத்திட்டிருக்காருன்னு நெனச்சோம்.”

“நான் கிண்டல்கூட பண்ணேன்,” என்றார் மால்கம். அவர் ஜன்னலைப் பார்த்துப் பேசினார். “‘போதும்டா லெஸ்லி, மில்லு எங்கயும் ஓடிடாது, வா, பசிக்குது’ன்னு. அப்புறம் போய்க் கையைத் தொட்டேன். சில்லுனு இருந்தாரு. பல் டாக்டரா இருந்தா என்ன, அதுகூடவா தெரியாது? இது இப்ப நடந்ததில்லன்னு அப்பவே தெரிஞ்சு போச்சு.”

டோரீன் அவர்களை மாறி மாறிப் பார்த்தாள்.

“அப்ப நீங்க…”

“உன்கிட்ட வந்து எப்படிச் சொல்றது?” என்றாள் ஆட்ரி. “உன் புருஷன் எங்க பக்கத்துல செத்து உக்காந்திருந்தாரு, நாங்க வானத்துக்கு நீலம் கலந்துட்டிருந்தோம்னா?”

டோரீனுக்கு டீக் கெண்டியைத் தூக்கி அடிக்கலாம் போல இருந்தது. “ஒரு நாய் அப்படிப் படுத்திருந்தாக்கூட ஒரு தடவை என்னன்னு பாத்திருப்பீங்க,” என்றாள். சொல்லிவிட்டுக் கழுவு தொட்டிப் பக்கம் திரும்பி, குழாயைத் திறந்து, கழுவின கோப்பைகளையே மறுபடி கழுவினாள். பின்னால் மால்கம் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. அவரும் அழுகிறார் என்பது அவளுக்கு ஆறுதலாக இல்லை. அவர் பாட்டுக்கு அழட்டும்.

“அவரு கூப்பிட்டாரா?” என்று குழாயைப் பார்த்தே கேட்டாள்.

ஒரு கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள்.

“கேக்கறேன்ல? கூப்பிட்டாரா?”

“நான் அங்க போனா காதுக் கருவியைக் கழட்டிருவேன் டோரீன்,” என்றார் மால்கம் கடைசியில். “காத்துல விசில் அடிக்குது. கூப்பிட்டிருந்தாலும்…”

“எனக்கு எதுவும் கேக்கல,” என்றாள் ஆட்ரி. “ஆனா அடிச்சுச் சொல்ல முடியாது. நான் அந்தக் கோடியில இருந்தேன். பொய் சொன்னது போதும், இனிமே வேணாம்.”

அவ்வளவுதான் என்று டோரீன் நினைத்தாள். இந்த இருவரையும் எவ்வளவு உலுக்கினாலும் இதற்கு மேல் உதிராது. இனி அவளுடைய ஆயுசு முழுக்க அந்தச் சேறும், கூப்பிட்டாரோ இல்லையோ என்கிற கேள்வியும்தான்.

“கூப்பிடல,” என்றாள் ஹேசல்.

அவள் கதவோரம் நின்றிருந்தாள். எல்லோரும் அவளை மறந்தே போயிருந்தார்கள்.

“உனக்கு எப்படித் தெரியும்?” என்றாள் ஆட்ரி.

“நான் பாத்துட்டே இருந்தேன்.” ஹேசல் பையின் வாரைப் பிடித்துப் பிடித்து விட்டாள். “நான் பின்னால பெஞ்சுல இருந்தேன். மில்லு எனக்குச் சரியா வரல. முன்னால ஒரு ஆளைப் போட்டா படம் நிக்கும்னு… அவரைப் போட்டேன். கேக்காம போட்டேன். மணி அடிக்கறதுக்குள்ள யாரும் பேசக்கூடாதில்ல, அதான் கேக்கல.”

“எடு,” என்றாள் டோரீன்.

“வேணாங்க. நான் அதைக் கிழிச்சிடலாம்னுதான் இருந்தேன். முடியல. வீட்லயும் வெச்சிருக்க முடியல.”

“எடும்மா.”

ஹேசல் பையைத் திறந்து, இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்திருந்த தாளை எடுத்தாள். லெஸ்லியின் படத்தின் பக்கத்திலேயே மேசைமேல் வைத்தாள். மால்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

லெஸ்லி பின்பக்கத்திலிருந்து, கொஞ்சம் ஒருக்களித்து. சாம்பல் கோட்டு, தொப்பி, மடக்கு நாற்காலியின் குறுக்குக் கால். இடது கை முழங்கால்மேல் சும்மா கிடந்தது. தலை குனிந்திருந்தது. ஆனால் அந்தக் குனிந்த தலைக்கு மேலே, மெல்லிய வண்ணத்துக்கு அடியில், பென்சில் கோட்டில் இன்னொரு தலை இருந்தது. அது நிமிர்ந்து மில்லைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“இது என்ன, ரெண்டு?” என்றாள் டோரீன்.

“முதல்ல பென்சில்ல போட்டப்ப நிமிர்ந்துதான் இருந்தாரு. வண்ணம் எடுக்கறதுக்காக பிரஷ்ஷைக் கழுவினேன். டப்பா கீழ இருந்துது, குனிஞ்சு கழுவிட்டு நிமிர்ந்தா, தலை இப்படி இருந்துது. சரின்னு இப்படியே மாத்திப் போட்டேன்.”

“பிரஷ்ஷு கழுவற நேரம்.”

“அவ்வளவுதாங்க. எனக்குக் காது நல்லாக் கேக்கும். ஒரு சத்தமும் இல்ல. கையைக்கூடத் தூக்கல. பாருங்க, கை அப்படியேதான் இருக்கு, நான் அதை மாத்தவே இல்ல.” ஹேசல் மூச்சை இழுத்தாள். “அப்புறம் அவரு அசையவே இல்ல. நான் என்ன நெனச்சேன் தெரியுமா? எவ்ளோ வாகா உக்காந்திருக்காரு, நம்ம அதிர்ஷ்டம்னு நெனச்சேன். சந்தோஷப்பட்டேங்க. மணி அடிக்கற வரைக்கும் சந்தோஷமா போட்டுட்டிருந்தேன்.”

அவள் அழ ஆரம்பித்தாள். ஆட்ரி எழுந்துபோய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். டோரீன் அழவில்லை. பதினைந்து நாளாக அவள் நெஞ்சுக்குள் யாரோ விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், இப்போது நிறுத்திவிட்டார்கள். அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது. இவர்கள்மேல் இருந்த கோபம் போய்விட்டதா என்றால் இல்லை. மால்கமுக்கு இனி இந்த வீட்டில் ஷெர்ரி கிடையாது, அது வேறு விஷயம்.

கதவைத் தட்டிவிட்டு ஸ்டூவர்ட் எட்டிப் பார்த்தான். “அம்மா, கிளம்பறவங்க சொல்லிட்டுப் போக நிக்கறாங்க.”

“வர்றேன்னு சொல்லுடா.”

அவன் போனபிறகும் அவள் போகவில்லை. படத்தின்மேல் குனிந்தாள். அந்தச் சின்ன முதுகை மூக்குக்கு நேராக வைத்துப் பார்த்தாள். கழுத்துக்குப் பின்னால் கோட்டுக் காலர் ஒருபக்கம் உள்ளே மடிந்து கிடந்தது. கோட்டு போடத் தெரியாது அந்த மனுஷருக்கு, எத்தனை வயசானாலும் அப்படித்தான். வாசலில் வைத்து அவள்தான் இழுத்துவிடுவாள். அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் மாடியில் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தாள். போயிட்டு வர்றேன் என்று கீழேயிருந்து கத்திவிட்டு அவர் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். ஹேசல் அதையும் விடாமல் அப்படியே போட்டிருந்தாள்.

டோரீன் கட்டைவிரலை அந்த இடத்தில் வைத்து, வெளிப்பக்கமாக ஒருமுறை இழுத்துவிட்டாள். கோப்பை கழுவின ஈரம் இன்னும் கையில் இருந்தது. சாம்பல் நிறம் கொஞ்சம் கரைந்து, கழுத்தோரம் காகிதம் வெள்ளையாகத் தெரிந்தது. ஹேசல் ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டுவிட்டாள்.